பங்களா வாங்கப் போகிறவர்கள் ஒரு பழைய படத்தைப் பார்க்க வேண்டும்

சென்ற மாதம் ஒரு நாள் லுஹருக்குப் பின்னர், கடையில் சனம் குறைந்திருந்த நேரம், புறக்கோட்டையில் புடவைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வந்து கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். இறக்குவானைப் பக்கம் ஒரு பழைய தோட்டத்துப் பங்களா. நீண்ட விறாந்தை, பாசி பிடித்த ஓட்டுக் கூரை, முன்னால் புல்வெளி, அதற்கப்பால் பனிமூட்டத்தில் ஒரு மலை. "நானா, மூன்று பேர் பங்கு சேர்ந்தால் எடுத்துவிடலாம். கொஞ்சம் பூசி, பெயின்ட் அடித்து, வார இறுதிக்கு வாடகைக்கு விட்டால் இரண்டு வருஷத்தில் போட்ட காசு வந்துவிடும். பிள்ளைகளுக்கும் போய் வர ஓர் இடம்" என்றார்.

கேட்ட உடனே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குக் கோபம். அவரது பேச்சைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. இதே கதிரையில் அமர்ந்து இதே வார்த்தைகளை நானே 2017 ஆம் ஆண்டு இன்னொருவருக்குச் சொன்னது நினைவுக்கு வந்ததுதான் காரணம். அத்துடன் ஒரு பழைய ஆங்கிலப் படமும் நினைவுக்கு வந்தது. வியாபாரப் பத்தியில் சினிமாவுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக் கூடும். இந்தப் படம் சினிமாக்காரர்களை விட எம்மைப் போன்ற வியாபாரிகளுக்கே அதிகம் பயன்படும் என்பது எனது அபிப்பிராயம்.

படத்தின் பெயர் 'மிஸ்டர் பிளாண்டிங்ஸ் பில்ட்ஸ் ஹிஸ் ட்ரீம் ஹவுஸ்'. 1948 இல் வெளிவந்தது. எச்.சி. பொட்டர் இயக்க, கேரி கிராண்டும் மெர்னா லோயும் கணவன் மனைவியாக நடித்தார்கள். நியூயோர்க் நகரில் ஒரு நெருக்கடியான மாடி வீடு. ஒரே குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் கணவன் சவரம் செய்ய இடம் தேடுகிறான், அலுமாரியைத் திறந்தால் சாமான் தலையில் விழுகிறது. விளம்பரக் கம்பனியில் வேலை செய்யும் அந்த மனிதன் கனெக்டிகட் மாநிலத்து நாட்டுப்புறத்தில் ஒரு பழைய வீட்டைக் கண்டு மயங்கி வாங்கிவிடுகிறான். வாங்கிய பிறகு நிபுணர்களைக் கூட்டி வந்து காட்டுகிறான். வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒரே யோசனைதான் சொல்கிறார்கள்: இடித்துத் தள்ளுங்கள். சரி என்று இடித்தால், அந்த வீட்டின் மேல் ஈட்டுக் கடன் இருக்கிறது, கடன் கொடுத்தவனைக் கேட்காமல் இடித்தது பிழை என்று அடுத்த பூதம் கிளம்புகிறது.

இது நடந்த கதையிலிருந்து பிறந்தது. நாவலை 1946 இல் எழுதிய எரிக் ஹொட்ஜின்ஸ், 'போர்ச்சூன்' என்ற வியாபாரச் சஞ்சிகையில் பெரிய பதவி வகித்தவர். நாட்டின் பெரிய பெரிய கம்பனிகளின் கணக்கு வழக்குகளைப் பற்றி எழுதுவிப்பதுதான் அவரது தொழில். அப்படிப்பட்டவர் கனெக்டிகட்டில் வீடு கட்டத் தொடங்கியபோது போட்ட மதிப்பீடு 11,000 டொலர். முடிந்தபோது செலவு 56,000 டொலர். தாங்க முடியாமல் விற்றபோது கிடைத்தது 38,000 டொலர். வியாபாரச் சஞ்சிகைக்காரருக்கே இந்தக் கதி என்றால், ஓட்டு விலையும் ஆணி விலையும் மட்டும் தெரிந்த எமக்கு என்ன கதியாகும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. நான் அந்தப் படத்தைப் பார்த்ததே பங்களா வாங்கிய பிறகுதான்.

நான் வாங்கியது கேகாலை மாவட்டத்தில், ஒரு பழைய இறப்பர் தோட்டத்தின் மிச்சம். மூன்று பங்காளிகள்: நான், எனது மனைவியின் தம்பி, இன்னொரு நண்பர். இப்படிப்பட்ட பங்களாக்கள் ஏன் விலைக்கு வருகின்றன என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஏனெனில் உறுதியில் உள்ள சிக்கல்கள் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக் கூடிய காணிக்கு 50 ஏக்கர், வயலானால் 25 ஏக்கர் என்று உச்சவரம்பு விதித்தது. 1975 இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கைமாறி, பின்னர் நீண்ட காலக் குத்தகையாயிற்று. ஆகவே சப்ரகமுவவில் மலையேறிப் போகும்போது காணும் பங்களாக்கள் இரண்டு வகை. ஒன்று, பழைய சொந்தக்காரர்களுக்கு மிஞ்சிய 50 ஏக்கருக்குள் இருப்பவை. பிள்ளைகள் கொழும்புக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போய்விட, கூரை ஒழுகத் தொடங்கியதும் இவை விற்பனைக்கு வருகின்றன. மற்றது, கம்பனித் தோட்டத்துப் பங்களாக்கள். இவற்றின் காணி அரசுடையது. கம்பனிக்கே அது குத்தகைதான். அதை ஒருவர் 'விற்கிறேன்' என்று வந்தால், அவர் கையில் இருப்பது என்ன கடதாசி, அதில் இன்னும் எத்தனை வருஷம் மிச்சம் என்று பார்க்காமல் ஒரு சதமும் முற்பணம் கொடுக்கக் கூடாது.

முதல் வகையிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. காணிச் சீர்திருத்த ஆணைக்குழு எந்தத் துண்டைச் சொந்தக்காரருக்கு விட்டது, எதை எடுத்தது என்ற தீர்மானம் உறுதியோடு ஒத்துப் போக வேண்டும். தேயிலை, இறப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்பதைக் கட்டுப்படுத்தும் சட்டமும் 1958 ஆம் ஆண்டிலிருந்தே உண்டு. தரகருக்கு இதெல்லாம் தேவையில்லை. அவருக்குக் கதைதான் மூலதனம். பிளாண்டிங்ஸ் படத்தில் வீட்டை விற்பவர்கள், அமெரிக்கச் சுதந்திரப் போரின் தளபதி ஒருவர் தம் குதிரைகளுக்கு இங்கே தண்ணீர் காட்டினார் என்று பெருமை பேசுவார்கள். எங்கள் தரகரோ, 'பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்து நடிகர்கள் இந்த விறாந்தையில் அமர்ந்து தேநீர் குடித்தார்கள் என்றார். 1957 இல் வந்த அந்தப் படம் கித்துல்கலையில் எடுக்கப்பட்டது உண்மை. ஆனால் கேகாலை மாவட்டத்தில் விற்பனைக்கு வரும் ஒவ்வொரு பங்களாவிலும் அவர்கள் தேநீர் குடித்திருந்தால் படம் பிடிக்க எப்போது நேரம் கிடைத்தது? நாங்கள் மூவரும் அதை நம்பினோம் என்பதுதான் வெட்கக் கேடு. எனது மைத்துனர் அந்த விறாந்தையில் நின்று படமும் எடுத்துக் கொண்டார்.

உறுதியில் 'ஆறு ஏக்கர், கூடியோ குறையவோ' என்றிருந்தது. அளந்து பார்த்தால் குறையவே குறைந்தது. ஐந்தே கால்தான் வந்தது. பிளாண்டிங்ஸுக்கும் ஏக்கர் குறைந்தது. அவரும் வாங்கிய பிறகுதான் தெரிந்து கொண்டார். நில அளவையாளருக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடிப்பவர்கள் முக்கால் ஏக்கரின் விலையைக் கொடுத்து அந்த மிச்சத்தை வாங்குகிறார்கள்.

இனி வேலை தொடங்கிய கதை. நான் ஹாட்வெயார் வியாபாரி. பழைய சோனகத் தெருவில் முப்பது வருஷம் சாமான் வாங்கியும் விற்றும் பழகியவன். ஆகவே செலவுக் கணக்கு என் கையில் என்று பங்காளிகள் நிம்மதியாக இருந்தார்கள். நான் போட்ட மதிப்பீடு 60 இலட்சம். அதில் நான் விட்ட பிழைகளை ஒளிக்காமல் சொல்கிறேன்.

அந்தச் சுவர்கள் கபுக்கல்லில் கட்டி, சுண்ணாம்பு பூசியவை. சப்ரகமுவவின் மழைக்கு அப்படிப்பட்ட சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்தால் வெளியே விடும். நூறு வருஷம் நின்றதன் இரகசியம் அது. நான் என்ன செய்தேன்? உதிர்ந்த இடமெல்லாம் சுரண்டிவிட்டுச் சீமெந்துப் பூச்சுப் பூசச் சொன்னேன். என் கடையில் சீமெந்துதானே இருந்தது, சுண்ணாம்பு இருக்கவில்லை. ஈரம் உள்ளே அடைபட்டு, அடுத்த மாரிக்குப் பெயின்ட் கொப்புளித்து, பூச்சு பாளம் பாளமாகக் கழன்றது. இரண்டாம் தடவை சுரண்டி, சுண்ணாம்பு தேடிப் பூசியதற்கு இரட்டைக் கூலி. விற்பவன் தன்னிடம் உள்ள சரக்குக்குத்தான் தேவை தேடுவான் என்பதை வாடிக்கையாளரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். என்னிடமே நானே விற்றுக் கொண்டதைப் பிறகுதான் உணர்ந்தேன்.

கூரை மரம் கறையான் தின்றிருந்தது. காணியிலேயே நல்ல பலா மரங்கள் நிற்க வெளியில் மரம் வாங்குவானேன் என்று ஒரு பங்காளி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பலா மரம் தறிக்கச் சொந்தக் காணியிலும் அனுமதி வேண்டும், 1951 ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் அப்படி. அந்த அனுமதிக்கு அலைந்த மாதங்களில் கூரை திறந்து கிடந்தது. அதனால் கெட்டுப்போன பலகைத் தரையின் விலை, வெளியில் வாங்கும் மரத்தின் விலையை விட அதிகம்.

படத்தில் ஓர் இடம் உண்டு. மேல் மாடியில் இருந்து தச்சன், உத்திரத்தைப் பற்றி ஏதோ தொழிற் சொற்களில் ஒரு கேள்வி கேட்பான். கீழே நிற்கும் பிளாண்டிங்ஸுக்கு ஒன்றும் விளங்காது. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, 'வேண்டாம்' என்று கம்பீரமாகப் பதில் சொல்வார். உடனே மேலே பொருத்தியதையெல்லாம் பிடுங்கி எறியும் சத்தம் கேட்கும். நான் விழுந்து விழுந்து சிரித்தேன், பிறகு நிறுத்திவிட்டேன். கொழும்பில் கடையில் நின்றபடி தொலைபேசியில் எத்தனை 'ஆம்', எத்தனை 'வேண்டாம்' சொல்லியிருப்பேன்! மண்மேட்டை வெட்டினால் பின்பக்கம் வாகனம் நிறுத்த இடம் வரும், வெட்டவா என்று கேட்டார்கள். வெட்டுங்கள் என்றேன். மே மாத மழையில் அந்த வெட்டிய மேடு இறங்கிக் குசினிச் சுவரைத் தொட்டு நின்றது. உயிருக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

இதை விளையாட்டாக எடுக்கக் கூடாது. 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை இறங்கியதை அந்தப் பகுதி மக்கள் மறக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி மலைநாடு முழுவதையும் உலுக்கியதை நாம் அனைவரும் கண்டோம். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் மலைச்சரிவில் எதைக் கட்டுவதானாலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை பெற்றுப் பிரதேச சபையிடம் போக வேண்டும். அதை ஒரு தொல்லையாக நினைத்தவர்களில் நானும் ஒருவன். இன்று காணி பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, விறாந்தையில் நின்று முன்னால் தெரியும் மலையைப் பார்க்காதீர்கள், குசினிக்குப் பின்னால் போய்ப் பின்னால் உள்ள மலையைப் பாருங்கள்.

தண்ணீர் விடயம் இன்னும் வேடிக்கை. படத்தில் கிணறு துளைப்பவன் ஆழமாகத் துளைத்துக் கொண்டே போவான், தண்ணீர் வராது. மறுபக்கம் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும் இடத்தில் சில அடியிலேயே தண்ணீர் பொங்கும். நாங்களும் குழாய்க்கிணறு துளைத்தோம், கல் மேல் கல்லாக வந்தது, துளைக்கும் அடிக் கணக்கில் காசும் போனது. (இரத்தினபுரிப் பக்கமாக இருந்தால் வேறு பிரச்சினை. அங்கே கிணறு வெட்டினாலே 'இல்லம்' கிளம்பிவிடும். தமிழில் இல்லம் என்றால் வீடு, இரத்தினபுரியில் இல்லம் என்றால் மாணிக்கக் கல் கிடக்கும் சரளை மண். வீடு கட்டப் போனவர் இந்த இல்லத்தைக் கண்டு, தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் அனுமதிப் பத்திரம் இல்லாமல் தோண்ட ஆசைப்பட்டால், கட்டும் வீட்டையும் மறக்க வேண்டியதுதான்.) எங்களுக்குத் தண்ணீர் காட்டியவர் நிபுணர் அல்ல. லயத்தில் இருந்த ஒரு வயதான அம்மா. அந்தத் தோட்டத்தில் ஆயுள் முழுதும் பால் வெட்டியவர். "மேல இருக்கிற ஊத்துல இருந்து தொரை காலத்திலேயே பைப்பு வந்திச்சுங்க, காட்டுக்குள்ள தொட்டி இருக்குதே, நீங்க கேக்கலியே ஐயா" என்றார். போய்ப் பார்த்தால் காட்டுக் கொடிக்குள் கல் கட்டிய தொட்டி. துப்புரவு செய்து புதுக் குழாய் போட்டதும், மோட்டரும் மின்சாரமும் இல்லாமல் தானாக இறங்கி வந்தது தண்ணீர். இன்றும் வருகிறது.

லயத்தைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். நாங்கள் வாங்கியபோது அந்தக் காணியில் நான்கு குடும்பங்கள் இருந்தன. உறுதியில் அவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தரகரும் சொல்லவில்லை. காணி பார்க்கப் போன அன்று நாங்கள் விறாந்தைப் பக்கமாகவே நின்றுவிட்டு வந்தோம். கையொப்பம் வைத்து ஒரு கிழமைக்குப் பிறகு போனால், இறப்பர் மரங்களுக்குக் கீழே லயக் காம்பராக்களில் புகை எழுகிறது. மூன்று தலைமுறையாக அங்கே இருப்பவர்கள். பழைய சொந்தக்காரரிடம் வேலை செய்து, தோட்டம் சுருங்கிய பிறகும் போக இடமில்லாமல் தங்கியவர்கள். பெருந்தோட்டக் கம்பனிகளின் லயங்களைப் பற்றி அரசியல்வாதிகள் பேசுவார்கள், பத்திரிகைகளும் எழுதும். இப்படிச் சிறிய தனியார் தோட்டங்களில் தேங்கிப் போனவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பங்காளிகளில் ஒருவர், நண்பர், வழக்குப் போட்டு எழுப்பிவிடுவோம் என்றார். விருந்தாளிகள் வந்து இறங்கும்போது கண்ணெதிரே லயம் இருந்தால் யார் வருவார்கள் என்பது அவரது வாதம். எனக்கு அது பிடிக்கவில்லை. மனிதாபிமானம் என்று பெரிதாகச் சொல்லிக் கொள்ள மாட்டேன், எனக்கு முதலில் வந்தது வியாபாரியின் கணக்குத்தான். வழக்கு எத்தனை வருஷம், சட்டத்தரணிக்கு எவ்வளவு, அத்தனை வருஷமும் அந்த மக்களின் மனக்கசப்புக்கு நடுவில் பங்களாவை யார் காவல் காப்பது? காணி வாங்கும்போதே இந்த நான்கு குடும்பமும் விலையில் ஒரு பகுதி என்று கணக்கில் எடுத்திருந்தால், விற்றவரிடம் அந்த அளவுக்கு விலையைக் குறைத்துக் கேட்டிருக்கலாம். நாங்கள் கேட்கவில்லை, ஆகவே அது எங்கள் நட்டம், அவர்களது குற்றமல்ல. அரசாங்கத்தின் மலையக வீடமைப்பில் குடும்பத்துக்கு 7 பேர்ச் என்று ஒரு கணக்கு வந்திருந்தது. அதையே அளவாக வைத்து, பாதையோரமாக நான்கு துண்டு ஒதுக்கி, அவரவர் பெயரில் உறுதி எழுதிக் கொடுப்போம் என்றேன். எல்லாம் சேர்த்து 28 பேர்ச். ஒரு ஏக்கருக்கு 160 பேர்ச் என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஐந்தே கால் ஏக்கரில் அது எவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் கொள்ளுங்கள். நண்பர் சம்மதிக்கவில்லை. பேசிப் பேசி, கடைசியில் அவரது பங்கை நானும் மைத்துனரும் வாங்கிக் கொண்டோம். இருபது வருஷ நட்பு. இப்போது பள்ளிவாசலில் கண்டால் ஸலாம் சொல்வார், நின்று பேச மாட்டார்.

இந்த முறிவுக்கு அவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. மூவரும் சேர்ந்தபோது ஒரு கடதாசியும் எழுதவில்லை. செலவு கூடினால் யார் போடுவது, ஒருவர் விலகினால் பங்குக்கு எப்படி விலை போடுவது, தீர்மானத்தில் இரண்டு பக்கமானால் யார் சொல் நிற்கும், ஒன்றும் இல்லை. நெருங்கியவர்களுக்குள் எழுத்து எதற்கு என்ற வெட்கம். கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்ள வேண்டும் என்பது நமது சமூகத்துக்கு வெளியிலிருந்து வந்து யாரும் கற்றுத்தர வேண்டிய விடயமா?

இனி எனக்கு மிகவும் வலித்த கணக்கு. பங்களாவுக்கு வேண்டிய சாமான் எல்லாம் என் கடையிலிருந்து போனது. பில் எழுதவில்லை. என் கடைதானே, என் பங்களாதானே. கம்பி, ஆணி, குழாய், பெயின்ட், வயர் என்று லொறி போகும், லெட்ஜரில் ஏறாது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு வியாபாரம் விழுந்தது. நமது கடைகளுக்கு எதிராக நடந்த பகிஷ்கரிப்பும் மே மாத வன்செயலும் நினைவிருக்கும். அந்த மாதங்களில் நான் மலைப் பக்கம் போகவே இல்லை. போகப் பயம். பாதிக் கூரை போட்ட நிலையில் வேலை நின்றது. கொண்டு போய்ப் போட்ட கம்பியும் பலகையும் அங்கே திறந்த வெளியில். ஒரு நாள் இரவு மேசன் பாஸ் தொலைபேசியில் பேசினார், பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர். "முதலாளி பயப்படாதீங்க, சாமான் எல்லாத்தையும் உள்ளே ஏத்திப் பூட்டிட்டேன், சாவி என்னிடம் இருக்கு, நிலைமை சரியானதும் வாங்க" என்றார். நான்கு மாதம் கழித்துப் போய் எண்ணிப் பார்த்தேன். ஒரு தடி கூடக் குறையவில்லை. அத்துடன் தாழ்வாரத்தில் ஒழுகிய இடத்தில் தகரம் போட்டிருந்தார், அதற்குக் கூலியும் கேட்கவில்லை. பிளாண்டிங்ஸ் படத்தின் முடிவிலும் இப்படி ஒருவர் வருவார். எல்லோரும் தன்னைச் சுரண்டுகிறார்கள் என்று அவர் சலித்துப் போயிருக்கும் வேளையில், அந்தக் கிணறு துளைப்பவன் வந்து, கணக்கில் கூடுதலாகத் தந்துவிட்டீர்கள் என்று 12 டொலர் 36 சதத்தைத் திருப்பிக் கொடுப்பான். சிரிப்புப் படத்தில் எனக்குக் கண் கலங்கிய இடம் அதுதான்.

2020 இல் கொரோனா. அதே வருஷம் தரை ஓடு, குளியலறைச் சாமான் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. கடையில் இருந்த கொஞ்ச நஞ்சத்தை நல்ல விலைக்கு விற்றிருக்கலாம், அதையும் மலைக்கு அனுப்பினேன். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ஐத் தொட்டது. ஆயிரம் ரூபாவை ஒட்டி இருந்த ஒரு பை சீமெந்து மூவாயிரத்தை எட்டியது. ஹாட்வெயார் வியாபாரிக்கு அது எப்படிப்பட்ட காலம்? கையில் சரக்கு வைத்திருந்தவன் பிழைத்தான். காசு வைத்திருந்தவன் சமாளித்தான். என்னிடம் இரண்டும் இல்லை. என் சரக்கு ஒரு மலையுச்சியில் சுவராகவும் கூரையாகவும் நின்றது. மொத்த வியாபாரிகள் கைக்காசுக்கு மட்டும் சாமான் தந்த நாட்களில், முப்பது வருஷக் கடையின் இறாக்கைகள் வெறுமையாக இருந்தன. வாடிக்கையாளர் வந்து பார்த்துவிட்டு எதிர்க் கடைக்குப் போனார்கள். பங்களாவின் செலவு எவ்வளவு என்று கேட்டால் ஒன்றே முக்கால் கோடி என்று சொல்வேன். உண்மையான செலவு அது அல்ல. அந்த இறாக்கைகளில் இருந்திருக்க வேண்டிய சரக்கு, அது கொண்டுவந்திருக்க வேண்டிய இலாபம், எதிர்க் கடைக்குப் போய்த் திரும்பாத வாடிக்கையாளர், இவை எந்த லெட்ஜரிலும் இல்லை.

ஆகவே எனது அபிப்பிராயத்தை நேரே சொல்லிவிடுகிறேன். பங்களா வாங்குவது பிழையல்ல. கடையின் முதலைக் கொண்டு வாங்குவது பிழை. சும்மா கிடக்கும் காசு, ஐந்து வருஷம் கண்ணில் காணாவிட்டாலும் தூக்கம் கெடாத காசு இருந்தால் தாராளமாக வாங்கலாம். கடையிலிருந்து சாமான் போனால், வேறு ஆளுக்குப் போனது போலப் பில் எழுதி, தவணை போட்டுக் காசு அறவிட வேண்டும். வேலையை நாட்கூலிக்கும் விடக் கூடாது, வாய்ப் பேச்சுக் கொந்தராத்துக்கும் விடக் கூடாது. அளவுப் பட்டியல் போட்டு, முடிந்த வேலையை அளந்து காசு கொடுக்க வேண்டும். 1986 இல் டொம் ஹாங்ஸ் நடித்து வந்த 'த மணி பிட்' படத்தில் எதைக் கேட்டாலும் 'இரண்டு கிழமை' என்பார்கள். எங்கள் ஊரில் 'நாளைக்கு' என்பார்கள். எங்கள் ஊரின் பதில்தான் ஆபத்துக் கூடியது, ஏனென்றால் நம்பக் கூடியதாக இருக்கும்.

பங்களா இப்போது எப்படி என்று கேட்பவர்களுக்கு: 2023 இன் கடைசியில் திறந்தோம். சுற்றுலா அதிகாரசபையில் பதிந்திருக்கிறோம். விடுமுறைக் காலத்தில் குடும்பங்கள் வருகின்றன, குளிக்க ஓடை இருக்கிறது, ஹலால் சாப்பாடு என்பதால் நமது ஆட்கள் தேடி வருகிறார்கள். மாரி மாதங்களில் வெறுமை. நாட்செலவு போக மிஞ்சுகிறது, போட்ட முதல் எப்போது வரும் என்று நான் கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். சமையலும் துப்புரவும் அந்த நான்கு குடும்பத்துப் பெண்கள்தான். தண்ணீர்த் தொட்டியைக் காட்டிய அம்மா காலமாகிவிட்டார். அவரது மகன்தான் இப்போது பொறுப்பாளர். சாவி அவரிடம். வழக்குப் போட்டு எழுப்பியிருந்தால் சம்பளத்துக்குக் காவலாளி தேடி நாங்கள் அலைந்திருப்போம். பிளாண்டிங்ஸின் வேலையையும் கடைசியில் காப்பாற்றுவது வீட்டு வேலைக்காரப் பெண் தற்செயலாகச் சொன்ன ஒரு வார்த்தைதான். மாதக் கணக்கில் மண்டையை உடைத்தும் அவருக்குக் கிடைக்காத விளம்பர வாசகம், குசினியிலிருந்து வந்தது.

அந்தப் படம் வெளிவந்தபோது விளம்பரத்துக்காக அமெரிக்காவில் ஊர் ஊராக எழுபதுக்கும் மேற்பட்ட 'கனவு வீடுகளை'க் கட்டிக் காட்டினார்களாம். வீடு கட்டுவதன் கஷ்டத்தைக் காட்டும் படத்தை விளம்பரப்படுத்தவே வீடு கட்டியிருக்கிறார்கள். பார்த்தவர்கள் பயப்படுவதற்குப் பதில் ஆசைப்பட்டிருக்க வேண்டும். என் கதையை முழுவதும் கேட்ட புடவைக் கடை நண்பரும் அப்படித்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஹலால் சாப்பாட்டுக்குச் சனம் வருகிறதுதானே நானா?" என்றார்.

உறுதியின் பிரதியையும் நில அளவைப் படத்தையும் கொண்டு வாருங்கள், பிறகு பேசுவோம் என்று அனுப்பினேன். நேற்று இரவு அழைத்தார். தரகரிடம் மூன்று கேள்வி கேட்டாராம். காணி அரச குத்தகையா, சொந்தமா என்றதற்குச் சொந்தம் என்று பதில் வந்தது. தண்ணீர் எங்கிருந்து என்றதற்குக் கிணறு என்று பதில் வந்தது. லயத்தில் எத்தனை குடும்பம் என்றதற்கு, "ஹாஜியார், முதலில் வந்து விறாந்தையிலிருந்து மலையைப் பாருங்களேன்" என்றாராம். ஞாயிற்றுக்கிழமை இருவரும் போகிறோம். நான் குசினிப் பக்கமாகத்தான் போவேன்.